அண்ணாச்சி பதில்கள்: கேட்டிலிருந்து வகுப்பறை வரை

(கட்டடம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, அரசுக் கட்டட வேலைகளிலேயே தலை நரைத்த பாளையங்கோட்டைப் பொறியாளர் ஒருவர் பதில் சொல்லும் பகுதி. இந்த இதழில் கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்கள்.)

கேள்வி: எங்கள் வளாகத்தில் மூன்று மாடி வகுப்பறைக் கட்டடம் ஒன்று வரப்போகிறது. 2023 வெள்ளத்தில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர் நின்றதால், இந்த முறை பிளிந்தை (கட்டடத்தின் அடிமேடையை) மூன்றடி உயர்த்தச் சொல்லிவிட்டோம். முன்பக்கம் ராம்ப் (சாய்தளம்) போட்டால் இடத்தைத் தின்னும், முகப்பும் கெடும் என்கிறார் ஆர்க்கிடெக்ட். பின்வாசலில் போட்டால் போதாதா?
(கட்டடக் குழு உறுப்பினர், திருநெல்வேலி)

பதில்: போதாது ஐயா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம்ம ஊர் வளாகங்களில் பின்வாசல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஜெனரேட்டர் இருக்கும். கால் உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருப்பார்கள். கேன்டீன் கழுவுகிற தண்ணீர் அந்தப் பக்கம்தான் ஓடும். சாயங்காலம் ஐந்து மணிக்கு வாட்ச்மேன் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். வீல்சேரில் வருகிற ஒரு பையன் மூன்று வருஷமும் அந்த வழியாகத்தான் வகுப்புக்குப் போக வேண்டும் என்று வரைபடத்திலேயே முடிவு பண்ணுகிறீர்கள். மற்ற பிள்ளைகளெல்லாம் முன்வாசலில் நின்று போட்டோ எடுப்பார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். மூன்றடி என்றால் 900 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு வழிகாட்டு நெறிகளின்படி ராம்பின் சரிவு 1:12-ஐத் தாண்டவே கூடாது. அதாவது ஒரு அடி ஏற 12 அடி நீளம். அது சின்ன உயரத்துக்குத்தான். மூன்றடி ஏற வேண்டுமானால் 1:15 வேண்டும். அப்படிப் பார்த்தால் சரிவு மட்டும் 13.5 மீட்டர். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் மூச்சு வாங்க ஒன்று என்று ஒன்றரை மீட்டர் சமதளம் மூன்று சேர்த்தால் 18 மீட்டர். அறுபது அடிக்கு ஒட்டி வரும். உங்கள் ஆர்க்கிடெக்ட் பயந்தது இதற்குத்தான். அவர் பயம் நியாயம்தான். அதற்கு அவர் சொன்ன வழிதான் சரியில்லை. இந்த நீளத்துக்கு இடமில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் நம் பக்கம் 1:6, 1:5 என்று ராம்ப் கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஆள் பிடிக்காமல் வீல்சேர் ஏறாது. இறங்கும்போது யார் பிடித்தாலும் நிற்காது. காய வைத்த வத்தலைத் தள்ளிக்கொண்டு போக மட்டும் தோதுப்படும்.

இப்போது வேறொரு கணக்குப் போடுங்கள். நடைபாதையின் சரிவு 1:20-க்குள் இருந்தால் அதை ராம்ப் என்று யாரும் சொல்வதில்லை, வெறும் பாதைதான். 900 மில்லிமீட்டரை 20-ஆல் பெருக்கினால் அதுவும் 18 மீட்டர். அதே நீளம்! வளாகத்துச் சாலைக்கும் கட்டடத்துக்கும் நடுவில் எப்படியும் அவ்வளவு தூரம் புல்லும் பூச்செடியும் வைக்க விட்டிருப்பீர்கள். அந்த இடத்தில் தரையையே பைய உயர்த்திக்கொண்டு போய் வாசல் மட்டத்தில் சேர்த்துவிடுங்கள். படியும் வேண்டாம், ராம்பும் வேண்டாம். துணைவேந்தரும் வீல்சேர் மாணவனும் தண்ணீர் கேன் வண்டிக்காரரும் ஒரே பாதையில் வருவார்கள். முகப்பு கெடாது. சொல்லப்போனால் முன்வாசலில் ஏழு படி வைத்து, இரண்டு பக்கமும் தூண் நிறுத்துகிற பழைய பாணியைவிட இது கண்ணுக்கு நன்றாகவே இருக்கும்.

இதற்கு மண் எங்கே என்று கேட்பீர்கள். கடக்கால் தோண்டுகிற மண்ணைக் காண்டிராக்டர் லாரியில் வெளியே கொண்டுபோவாரே, அதை நிறுத்தி வையுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. உங்கள் இடம் கரிசல் என்றால் அந்த மண்ணைப் பாதைக்கு அடியில் போடவே கூடாது. மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். இரண்டு வருஷத்தில் பாதை கோணல் மாணலாகிவிடும். அதைச் செடி வைக்கிற பக்கம் தள்ளிவிட்டு, பாதைக்குச் சரள் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பித் தண்ணீர் விட்டு உருளை ஓட்டி இறுக்குங்கள். பாதையின் இரண்டு ஓரமும் தண்ணீர் வடிய வாய்க்கால் விடுங்கள். குறுக்குச் சரிவு 1:50-க்கு மேல் போனால் சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கும். வாய்க்காலுக்கு மேல் போடும் இரும்புச் சட்டத்தின் இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். நடக்கிற திசைக்குக் குறுக்காகக் கம்பி வரட்டும். நேராக வந்தால் முன்சக்கரம் அதற்குள் இறங்கி மாட்டிக்கொள்ளும். கைத்தடி முனையும் அப்படியே.

வெள்ளம் என்று சொன்னதால் இதையும் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழைக்கு நம்முடைய எந்தப் பழைய கணக்கும் தாங்கவில்லை. பிளிந்தை உயர்த்தினால் மட்டும் ஆகாது. லிஃப்ட்டின் மோட்டாரும் மின் பலகையும் மேலே இருக்க வேண்டும்; லிஃப்ட் குழியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்ற பம்பு வேண்டும். இல்லையென்றால் வெள்ளம் வடிந்து எல்லாரும் வகுப்புக்குத் திரும்பிய பிறகும், லிஃப்ட்டை நம்பி இருக்கிற பிள்ளை மட்டும் மாதக்கணக்கில் கீழேயே நிற்கும்.

பிளிந்த் மட்டத்தைத் தாளில் குறிக்கிற அன்றைக்கே இந்த வேலையெல்லாம் முடிந்துவிட வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு என்னிடம் கேட்டால் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒட்டு வேலைதான்.

கேள்வி: நான் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், வீல்சேரில்தான் போய்வருகிறேன். எங்கள் துறை முதல் மாடியில். லிஃப்ட் உண்டு, ஆனால் பூட்டியே இருக்கும். சாவி ஆபீஸில், ஆபீஸும் முதல் மாடியில்தான். கழிவறை ஒன்று எங்களுக்கென்று இருக்கிறது, அதில் விளக்குமாறும் பினாயிலும் வைத்திருக்கிறார்கள். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன். நான் என்ன கேட்கலாம் அண்ணாச்சி?
(மாணவி, வீரவநல்லூர்)

பதில்: தண்ணீர் குடிக்காமல் இருப்பதை இன்றைக்கே விட்டுவிடு தாயி. நம்ம ஊர் வெயிலில் அது சிறுநீரகத்துக்குக் கேடு.

நீ கேட்பது சலுகை இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அதன் 16-ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் கட்டடத்தையும் வளாகத்தையும் வசதிகளையும் எல்லாரும் பயன்படுத்தும்படி வைத்திருக்க வேண்டும் என்கிறது. 45-ஆம் பிரிவு பழைய பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய ஐந்து வருஷம் கொடுத்தது. விதிகள் வெளியானது 2017 ஜூனில்; அந்த ஐந்து வருஷம் 2022-லேயே முடிந்துபோனது. உயர்கல்வி நிறுவனங்களுக்கென்றே உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் தனி வழிகாட்டு நெறியே வெளியிட்டிருக்கிறது. இதையெல்லாம் மனுவில் ஒரு பத்தியாக எழுது. எழுதிக் கொடு, வாயால் கேட்காதே. வாயால் கேட்டால் "பார்க்கலாம்மா" என்பார்கள். எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள். துறைத்தலைவரிடமும் பதிவாளரிடமும் போய்ப் பலன் இல்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அனுப்பலாம்.

மனுவில் முதல் கோரிக்கையாகக் காசே செலவாகாத ஒன்றைக் கேள்: உன் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல். கால அட்டவணையில் இரண்டு அறை எண்ணை மாற்றி எழுதினால் முடிந்தது. கட்டடத்தை மாற்ற நிதி இல்லை என்று சொல்லலாம், அறை எண்ணை மாற்ற நிதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டாவது, லிஃப்ட் பூட்டு. பிள்ளைகள் விளையாடிக் கெடுத்துவிடுகிறார்கள் என்று காரணம் சொல்வார்கள். அதற்கு அடையாள அட்டை வைத்தால் திறக்கும் வசதி செய்யட்டும்; ஆளைக் கூப்பிட்டுச் சாவி வாங்குகிற ஏற்பாடு லிஃப்ட்டே இல்லாததற்குச் சமம்.

கழிவறைக்குத் தோழி யாரையாவது கூட்டிக்கொண்டு டேப்போடு போ. உள்ளளவு 2200-க்கு 2000 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார். கதவு திறந்த பிறகு 900 மில்லிமீட்டர் வழி வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், இல்லை பக்கவாட்டில் நகர வேண்டும்; உள்ளே திறக்கிற கதவாக இருந்து நீ உள்ளே விழுந்துவிட்டால், யாரும் கதவைத் தள்ளித் திறக்க முடியாது. கோப்பையின் உயரம் தரையிலிருந்து 450 முதல் 480. நாற்காலியைப் பக்கத்தில் நிறுத்தி மாறி உட்கார ஒரு பக்கமாவது இடம் காலியாக இருக்க வேண்டும். கழுவுகிற கைக்குழாய், அதான் ஹெல்த் ஃபாசெட், கைக்கு எட்டுகிறதா பார். முக்கால்வாசி இடங்களில் பின்சுவரில் மாட்டியிருப்பார்கள், யாருக்கும் எட்டாது. ஆபத்துக்கு இழுக்கிற கயிறு இருந்தால் அது தரைக்குக் கிட்டே தொங்க வேண்டும். கூட்டுகிறபோது இடைஞ்சல் என்று அதை முடிச்சுப் போட்டு மேலே கட்டிவிடுவார்கள், அவிழ்க்கச் சொல். அளந்ததை எல்லாம் தாளில் எழுதி மனுவோடு வை. அளவு எழுதிய மனுவுக்கு ஏஇ (உதவிப் பொறியாளர்) பதில் எழுதித்தான் ஆக வேண்டும். அவர் தொழில் அது.

விளக்குமாற்றுக்கு வேறு அறை கேட்கத் தேவையில்லை. மாடிப்படிக்கு அடியில் இடம் இருக்கும்.

கேள்வி: ராம்புக்கு நல்ல பாலிஷ் கிரானைட் போட்டால் பார்வையாக இருக்கும், நீடித்தும் உழைக்கும் என்று காண்டிராக்டர் சொல்கிறார். சரியா?
(மேஸ்திரி, ஆலங்குளம்)

பதில்: ஐப்பசி கார்த்திகை மழையில் அதில் நடந்து பார்க்கச் சொல்லும். கிரானைட் போட்டே ஆக வேண்டும் என்றால் தீயில் சுட்டுச் சொரசொரப்பாக்கியது வாங்கும். என்னைக் கேட்டால் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்த கான்கிரீட்டே போதும், செலவும் குறைவு. ஆழமாகப் பட்டை வெட்ட வேண்டாம். முதுகில் அடிபட்டு வீல்சேருக்கு வந்தவர்களுக்கு ஒவ்வொரு பட்டையும் இடுப்பில் குத்தும். கைப்பிடி இரண்டு பக்கமும், 900 மில்லிமீட்டர் உயரத்தில் ஒன்று, அதற்குக் கீழே இன்னொன்று. வெயில் படுகிற இடத்தில் வெறும் எவர்சில்வர் குழாய் சித்திரையில் தொட முடியாது. மேலே கூரை போடும், இல்லையென்றால் குழாய்க்கு உறை போடும். ராம்ப் முடிகிற இடத்திலேயே குழாயை வெட்டிவிடாமல் ஒரு அடி தாண்டி விடும்.

கேள்வி: என் மகளுக்குப் பார்வை கிடையாது. இளங்கலை சேர்த்திருக்கிறேன். வளாகம் முழுக்க மஞ்சள் நிற டைல்ஸ் பதித்திருக்கிறார்கள், செலவு பண்ணித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அதைப் பிடித்து நடந்தால் ஒரு வேப்பமரத்தில் போய் முட்டுகிறது என்கிறாள். அதன் மேல் பைக் வேறு நிறுத்துகிறார்கள். அந்த டைல்ஸால் உண்மையிலேயே உபயோகம் உண்டா?
(தந்தை, பாளையங்கோட்டை)

பதில்: உண்டு, முறையாகப் பதித்தால். அந்த டைல்ஸில் இரண்டு வகைதான். நீளக்கோடு போட்டது "இந்தப் பக்கம் போ" என்கிறது. புள்ளி வைத்தது "நில், என்னவோ இருக்கிறது" என்கிறது: படி, திருப்பம், வாசல், சாலை. பதிக்கிற கொத்தனாருக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. அவர் கோலம் அழகாக வரட்டும் என்று கோடும் புள்ளியும் மாற்றி மாற்றி வைத்துவிடுகிறார். கண் தெரியாத பிள்ளைக்கு அது தப்பான முகவரி எழுதிய கடிதாசி மாதிரி.

எல்லா இடத்திலும் பதிக்கவும் கூடாது. ஒரு பக்கம் சுவரோ, தொடர்ச்சியான ஓரக்கல்லோ இருக்கும் நடையில் தடியால் தட்டிக்கொண்டே போய்விடுவார்கள். பிடிமானம் இல்லாத வெட்டவெளியில்தான் கோட்டு டைல்ஸ் அவசியம்: கேட்டிலிருந்து நிர்வாகக் கட்டடம், அங்கிருந்து நூலகம், பஸ் நிற்கிற இடம். குறைவாக, சரியாக.

நூறு வருஷம் தாண்டிய பார்வையற்றோர் பள்ளி இருக்கிற ஊர் நம்முடையது. அங்கே படித்து வளர்ந்த பெரியவர்கள் ஊரில் எத்தனையோ பேர். டைல்ஸ் பதிக்கும் முன்னால் அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, வளாகத்தில் ஒரு சுற்று நடக்கச் சொல்லி, பின்னாலேயே சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டு போக ஏன் ஒரு நிர்வாகத்துக்கும் தோன்றவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவார், எங்கே கிளை தாழ்ந்து தலையில் இடிக்கும், எங்கே மாடிப்படியின் அடிப்பக்கம் நெற்றிக்கு நேராக வரும் என்று. தடி காலடியைத்தான் தேடும். நெற்றிக்கு நேரே இருப்பது அதற்குத் தெரியாது. ஏழு அடிக்குக் கீழே எதுவும் நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. மாடிப்படியின் அடியை அடைத்துவிட வேண்டும்.

வேப்பமரத்தை வெட்டச் சொல்லிவிடாதீர்கள் ஐயா. டைல்ஸைத்தான் மாற்ற வேண்டும். பைக்குகளுக்கு, பாதையின் ஓரத்தில் வெறும் வெள்ளைக் கோடு போட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். ஒன்றரை முழ உயரக் கல் நட்டால் மதிப்பார்கள். ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வீல்சேர் போகிற வழியாவது விட வேண்டும்.

கேள்வி: ஒரு வளாகத்தில் ஆயிரக்கணக்கான பேர் படிக்கிறார்கள். வீல்சேரில் வருவது ஒன்றோ இரண்டோ. அவர்களுக்காக லட்சக்கணக்கில் செலவழிப்பது மக்கள் பணத்தை வீணடிப்பது இல்லையா? கோபப்படாமல் பதில் சொல்லவும்.
(ஓய்வுபெற்ற அரசு ஊழியர், வள்ளியூர்)

பதில்: கோபம் இல்லை. இந்தக் கேள்வியைக் கட்டடக் குழுக் கூட்டங்களில் நிறைய கேட்டிருக்கிறேன். அங்கே பைய, காதோடு கேட்பார்கள். நீங்கள் பத்திரிகைக்கே எழுதிவிட்டீர்கள்.

உள்ளே வந்தவர்களை நீங்கள் எண்ணுகிறீர்கள். விண்ணப்பமே வாங்காதவர்கள் உங்கள் எண்ணிக்கையில் இல்லை. என் மதினிக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலிலும் காலிப்பர் (காலைத் தாங்கும் இரும்புச் சட்டம்). பி.ஏ.-வில் நல்ல மார்க். எம்.ஏ. துறை இரண்டாவது மாடியில் என்று தெரிந்ததும் அஞ்சல் வழியில் சேர்ந்துவிட்டார்கள். அந்தக் கல்லூரி எந்தப் பதிவேட்டிலும் "படி காரணமாக ஒரு மாணவி வரவில்லை" என்று எழுதி வைக்கவில்லை. உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கு இன்றைக்குச் சட்டப்படி 5 சதவீத இடம். 1995 சட்டத்தில் அது 3 சதவீதம். ஏழு வகைக் குறைபாடுகள் இருந்த பட்டியலும் 21 ஆகிவிட்டது. இடம் ஒதுக்கிவிட்டு, அந்த இடத்துக்குப் போகிற வழியில் படி வைத்தால், ஒதுக்கியதாகக் கணக்கில் மட்டும்தான் இருக்கும்.

செலவைப் பற்றி நானே சொல்கிறேன், நான் எஸ்டிமேட் போட்டே காலம் தள்ளியவன். வரைகிறபோதே கதவை 750 மில்லிமீட்டருக்குப் பதிலாக 900 ஆக்கினால் செங்கல்லும் பூச்சும் கொஞ்சம் மிச்சம். பலகைச் செலவு கொஞ்சம் கூடும். நிலையடியில் வாசக்கல் வைக்காமல் விட்டால் கல்லே மிச்சம். தரைத்தளத்தில் ஒரு கழிவறையைப் பெரிதாக்குவது ஒரு சுவரைத் தள்ளி வரைகிற வேலை. கட்டி முடித்த பிறகு இதே கதவை அகலப்படுத்த, கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டலை உடைக்க வேண்டும், டைல்ஸை உடைக்க வேண்டும், கழிவுக் குழாயை மாற்ற வேண்டும். அப்போதுதான் நீங்கள் சொல்கிற லட்சங்கள் வருகின்றன. மக்கள் பணம் வீணாகக் கூடாது என்பதில் நானும் உங்கள் கட்சிதான். அதனால்தான் முதலிலேயே செய்யுங்கள் என்கிறேன்.

இன்னொன்று. 2016 சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி, விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்கு அனுமதியே தரக் கூடாது. கட்டி முடித்தால் பணி முடிப்புச் சான்றும் தரக் கூடாது. இதுவரை அந்த விதிகளே "செய்தால் நல்லது" என்கிற தோரணையில் இருந்தன. 2024 நவம்பர் 8-ல் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், 15-ஆம் விதி அப்படி இருப்பது மூலச் சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாயமானவற்றைத் தனியே பிரித்து வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. ஆகவே இனி செய்யலாமா வேண்டாமா என்று கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்ய முடியாது.

பட்டமளிப்பு விழாவுக்குப் பிள்ளையைப் பார்க்க வருகிற ஆச்சிமார்களையும், விடைத்தாள் திருத்த வருகிற முழங்கால் வலிப் பேராசிரியர்களையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் உங்கள் "ஒன்றோ இரண்டோ" நிற்காது.

கேள்வி: நூலகக் கதவுக்குப் புதிதாகத் தானாக மூடும் கருவி மாட்டினார்கள். இப்போது நானே தோளால் தள்ளித்தான் திறக்கிறேன். ஏன் இப்படி?
(நூலகர், தென்காசி)

பதில்: ஆனி ஆடிக் காற்றுக்காக இறுக்கி வைத்திருப்பார்கள். காற்று அடிக்கிற பக்கம் கதவு அடித்துக் கண்ணாடி உடைந்தால், பராமரிப்பு ஆள் ஸ்பிரிங்கை முழுசாக முறுக்கிவிட்டுப் போய்விடுவார். காற்று நின்ற பிறகு யாரும் தளர்த்துவதில்லை. அந்தக் கருவியில் திருகாணி உண்டு, தளர்த்தச் சொல்லுங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் மேற்குப் பார்த்த வாசலுக்கு முன்னால் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, பக்கவாட்டில் நகரும் கதவு வையுங்கள். கூடவே, புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் ஒரு பகுதியை 750 முதல் 800 மில்லிமீட்டர் உயரத்துக்கு இறக்கி, அடியில் முழங்கால் போக இடம் விடச் சொல்லுங்கள். தச்சர் அரை நாளில் முடித்துவிடுவார்.

கேள்வி: எங்கள் கல்லூரி ஆசிரியர்கள் சிலர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறோம். பக்கத்தில் எங்கே போகலாம்?
(உதவிப் பேராசிரியர், அம்பாசமுத்திரம்)

பதில்: ஆய்க்குடிக்குப் போங்கள். தென்காசியிலிருந்து பக்கம்தான். முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் அங்கே இருக்கிறது; 2020-ல் பத்மஸ்ரீ பெற்றவர் அவர். வீல்சேரில் இருப்பவர்களே நடத்தி வளர்த்த இடம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு வந்தால், என்னைப் போன்றவர்களின் பதில் பாதி தேவைப்படாது. முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள், சிகிச்சை நடக்கிறது.

கேள்வி: எங்கள் வளாகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு கார் நிறுத்தும் இடம் என்று போர்டு வைத்து நீல வர்ணம் அடித்தார்கள். அங்கே டீன் காரைத் தவிர வேறு எதுவும் நின்று நான் பார்த்ததில்லை.
(மாணவர், சங்கரன்கோவில்)

பதில்: தம்பி, நம்ம பக்கத்துப் பிள்ளைகள் யார் காரில் வருகிறார்கள்? அரசு கொடுக்கிற, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் வருகிறார்கள். கார் நிறுத்த 3600 மில்லிமீட்டர் அகலம் என்று எழுதியிருப்பதை அப்படியே வரைந்துவிட்டு, ஸ்கூட்டரை மறந்துவிட்டார்கள். அந்த ஸ்கூட்டரை மற்ற பைக்குகளோடு நெருக்கி நிறுத்தினால் இறங்கவே முடியாது. வாசலிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்தில், கூரையோடு, ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் வீல்சேர் நிறுத்துகிற அகலம் விட்டு ஒரு வரிசை கேளுங்கள். கூரை முக்கியம். மத்தியானம் இரண்டு மணிக்கு வெயிலில் காய்ந்த சீட்டில், காலில் உணர்ச்சி இல்லாத பிள்ளை உட்கார்ந்தால் தோல் வெந்ததே தெரியாது. டீன் காருக்கு வேறு இடம் அவரே பார்த்துக்கொள்வார்.